டாரன்டுலா: கடி பாதி, கதை மீதி

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு இடுப்பில் அக்கி வந்தது. கொப்புளம் கொப்புளமாக, நெருப்பை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும்" என்று ஆச்சி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஊர்க் குயவரிடம் கூட்டிப்போய்க் காவி மண் குழைத்து அக்கி எழுதினார்கள். சில நாளில் சரியாகிவிட்டது. அக்கி என்பது சின்னம்மை வைரஸ் செய்கிற வேலை, அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்பதெல்லாம் கல்லூரிக்கு வந்த பிறகு படித்தது. ஆனால் அதற்குள் எங்கள் வீட்டுச் சிலந்திகள் அத்தனையும் விளக்குமாற்றடியில் உயிரை விட்டிருந்தன. பாவம், அதுகள் ஒன்றுமே செய்யவில்லை!

இந்தப் பழைய கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் விடுதியில் பக்கத்து அறையில் இருக்கும் நண்பன். டாரன்டுலா வளர்க்கப் போகிறானாம். நீல நிறத்தில் ஒன்றைப் படத்தில் பார்த்து மயங்கிப்போய், "கடிச்சா என்னடா ஆகும்? நீதானே விலங்கியல், படிச்சுச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டான். படிக்கப் படிக்க, கடியைவிடக் கடியைப் பற்றிய கதைதான் பெரிதாக இருக்கிறது. வெள்ளைக்காரன் ஊரிலும் ஓர் ஆச்சி இருந்திருக்கிறாள் போல!

முதலில் பெயர். இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாக நினைத்துக்கொண்டால், குதிகாலின் உட்புறத்தில் கடலோரமாக இருக்கும் ஊர் தாரந்தோ. அந்தப் பக்கத்து வயல்களில் மண்ணைக் குடைந்து வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று உண்டு. உடல் மட்டும் ஓர் அங்குலம் இருக்கும். ஊரின் பெயரால் அதற்கு டாரன்டுலா என்று பெயர் வந்தது. கோடையில், கோதுமை அறுவடை நேரத்தில், வயலில் வேலை செய்பவர்கள் திடீரென்று சுருண்டு விழுவார்கள். வயிறு இழுக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், ஒரு நிலையில் இருக்க முடியாது. அக்கம்பக்கத்தில் தேடினால் கண்ணில் படுவது இந்தப் பெரிய சிலந்தி. "இதுதான் கடித்திருக்கிறது!" என்று முடிவாகிவிட்டது.

மருந்து என்ன தெரியுமா? ஆட்டம். வயலின், கஞ்சிரா போன்ற தோல் கருவி எல்லாம் வைத்துக்கொண்டு வாசிப்பவர்களைக் கூலிக்கு அழைத்து வருவார்கள். கடிபட்டவர் எந்த மெட்டுக்கு அசைகிறாரோ அந்த மெட்டைக் கண்டுபிடித்து, அவர் களைத்து விழும்வரை வாசிப்பார்கள். இரண்டு நாள், மூன்று நாள்கூட ஆகும். இந்த நோய்க்கு டாரன்டிசம் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை உச்சத்தில் இருந்தது. அதானாசியுஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் 1641ல் வெளியிட்ட நூலில் இந்த மெட்டுகளில் சிலவற்றை இசைக்குறிப்போடு அச்சிட்டிருக்கிறார். ஜார்ஜோ பாக்லிவி என்ற மருத்துவர் 1690களில் இதைப் பற்றித் தனி ஆய்வுரையே எழுதினார். இன்றும் தென் இத்தாலியில் ஆடப்படும் டாரன்டெல்லா நடனத்தின் பெயரில் அந்தச் சிலந்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தாரந்தோ சிலந்தியின் கடி ஆபத்தே இல்லாதது. கொஞ்சம் வலிக்கும், வீங்கும், அவ்வளவுதான். அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உண்மையில் கடிபட்டவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் கடித்தது வேறு சிலந்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே வயலில், கறுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகளோடு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று இருந்தது. கருப்பு விதவைச் சிலந்தியின் நெருங்கிய உறவு. கடிக்கும்போது பெரிதாகத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தசைகள் முறுக்கிக்கொள்ளும், வியர்வை கொட்டும். அதற்குள் அது ஓடி ஒளிந்திருக்கும். மாட்டிக்கொண்டது உருவத்தில் பெரியவர்!

அதுவும் முழு விடை இல்லை. 1959ல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற இத்தாலிய ஆய்வாளர் ஒரு மனநல மருத்துவர், ஓர் இசை அறிஞர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு சலெந்தோ பகுதிக்குப் போனார். அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 29, புனித பவுல் திருநாளன்று கலாத்தினா ஊர்த் தேவாலயத்தில் வந்து விழுந்து புரண்டார்கள். பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஒரு தடவை கடித்த சிலந்தி வருடா வருடம் அதே பருவத்தில் "மறுபடி" கடிக்குமாம். எந்த விஷமும் காலண்டர் பார்த்து வேலை செய்யாது இல்லையா? விரும்பாத கல்யாணம், சாவு, வறுமை, வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் எல்லாம் சிலந்தியின் பெயரில் வெளியே வந்தன என்பது அவர் கண்டது. 1961ல் வந்த அவருடைய நூலின் தலைப்பில் 'ரிமோர்ஸோ' என்று ஒரு சொல் இருக்கிறது. இத்தாலிய மொழியில் அதற்குக் குற்றவுணர்வு என்று பொருள். பிரித்துப் படித்தால் 'மறுகடி'. நம் ஊரில் பேய் பிடித்து ஆடும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

சரி, தாரந்தோ சிலந்தியின் பெயர் கடல் தாண்டியது எப்படி? அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிரோடு ஊர்ந்த சிலந்திகளைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய, பயங்கரமான சிலந்தியின் பெயர் ஒன்றுதான். அதையே வைத்துவிட்டார்கள். விலங்கியலில் இவை முற்றிலும் வேறு குடும்பம், தெரபோசிடே. இன்று நாம் டாரன்டுலா என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். பெயரோடு கூடவே, செய்யாத குற்றத்தின் கெட்ட பேரும் சேர்ந்து கப்பலேறிவிட்டது.

அந்தக் கெட்ட பேரைப் பெரிதாக்கியது ஒரு படம். மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானிய ஓவியர் 1699ல், தன் 52ஆம் வயதில், மகளை மட்டும் அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில்! இரண்டு வருடம் காடு மேடெல்லாம் அலைந்து, நோய்வாய்ப்பட்டுத் திரும்பி, 1705ல் புத்தகம் போட்டார். அதில் ஒரு படத்தில் கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு குட்டிப் பறவையைப் பிடித்துத் தின்கிறது. இதை வைத்துத்தான் லின்னேயஸ் 1758ல் 'பறவைக்குரியது' என்ற பொருளில் அவிகுலேரியா என்று பெயர் வைத்தார். ஆனால் பின்னால் வந்த பெரிய மனிதர்கள் நம்பவில்லை. ஒரு பெண் ஏதோ கதை கேட்டு வரைந்துவிட்டாள் என்று 1830களில் கேலி பேசினார்கள். கியூபாவில் இருந்த மேக்லே என்ற பூச்சியியலாளர், பறவை பிடிக்கும் சிலந்தி என்று ஒன்று இருப்பதையே நம்ப மறுத்தார்.

மேரியனின் மானத்தைக் காப்பாற்றியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். அமேசானில் 11 வருடம் சுற்றிய இங்கிலாந்துக்காரர். 1863ல் வெளியான தன் நூலில், கமெட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் மரப்பிளவில் வலை கட்டியிருந்த ஒரு பெரிய சிலந்தியையும் அதில் சிக்கிய இரண்டு சிறு பறவைகளையும் நேரில் கண்டதாக எழுதினார். ஒன்று செத்துப்போயிருந்தது. இன்னொன்று சிலந்தியின் அடியில் உயிர் போகும் நிலையில் கிடந்தது.

எனக்கு பேட்ஸிடம் பிடித்தது அதற்கு அடுத்து அவர் சொல்லும் இரண்டு செய்திகள். ஒன்று, இந்தச் சிலந்தியின் மயிர் பற்றியது. முதன்முதலாகப் பிடித்ததை எச்சரிக்கையில்லாமல் கையாண்டதில் மூன்று நாள் அவரைப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு அரிப்பு ஆட்டி வைத்திருக்கிறது. கடிக்கவில்லை, மயிர் ஒட்டியது, அவ்வளவுதான்! இரண்டாவது, அவருக்குப் பூச்சி சேகரித்துக் கொடுத்த ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்படி ஒரு சிலந்தியின் இடுப்பில் கயிறு கட்டி, வீட்டுக்குள் நாய்க்குட்டி மாதிரி நடத்திக்கொண்டு போனதைப் பார்த்தாராம். டாரன்டுலாவைச் செல்லமாக வைத்துக்கொண்ட பதிவுகளில் நான் படித்தவரை பழையது இதுதான். ஐரோப்பாவில் பெரிய படிப்பாளிகள் இருக்கா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே குழந்தைகள் அதோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பேசியும், கடித்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. அதைச் செய்தவர் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் வில்லியம் பேர்க். 1920களில். வாழைக்குலைகளோடு கப்பலில் வந்து இறங்கும் சிலந்திகளைப் பார்த்து அமெரிக்காவில் ஒரே பீதியாக இருந்த காலம். மனிதர் என்ன செய்தார் என்றால், சிலந்தியை முதலில் எலியைக் கடிக்க விட்டார். பிறகு தன் விரலையே நீட்டினார்! உள்ளூர் டாரன்டுலா கடித்தது குண்டூசி குத்தியது போலத்தான் இருந்தது. பனாமாவிலிருந்து வந்த பெரிய கறுப்புச் சிலந்தி கொஞ்சம் கூடுதலாக வலித்தது, அதுவும் அடங்கிவிட்டது. ஆனால் 1922ல் இதே மாதிரி ஒரு கருப்பு விதவைச் சிலந்தியிடம் விரலை நீட்டியபோது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. தாரந்தோ வயலில் குற்றவாளி யார் என்ற வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பேர்க் அப்புறம் டாரன்டுலாக்களைப் பல வருடம் ஆய்வகத்தில் வளர்த்து, பெண் சிலந்தி இருபது வருடத்துக்கு மேலும் வாழும் என்று காட்டினார். 1958ல் தனி நூலும் எழுதினார்.

படிப்பாளிகள் ஒரு பக்கம் சொல்ல, சினிமா இன்னொரு பக்கம் இழுத்தது. 1962ல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பாண்டின் படுக்கையில் டாரன்டுலா ஊரும். மூல நாவலில் அது பூரான்! பூரான் உண்மையிலேயே வலிக்க வலிக்கக் கடிக்கக்கூடியது. ஆனால் திரையில் பயமுறுத்த மயிர் நிறைந்த எட்டுக் கால்தான் வசதி.

பயமும் ஆசையும் அக்கா தங்கை போல. பயமுறுத்திய அதே சிலந்தியை வீட்டில் வைத்துக்கொள்ளும் மோகம் 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளம்பியது. எல்லாருக்கும் வேண்டியது மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி. அழகு, சாது, சினிமாவில் பார்த்த முகம். பெண் சிலந்தி வயதுக்கு வரவே பல வருடம் ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வளையிலிருந்து தோண்டித் தோண்டி விற்றார்கள். 1985ல் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. மனிதனைக் கொல்லும் என்று பயந்த சிலந்தியை மனிதனிடமிருந்து காப்பாற்றச் சட்டம்!

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதி செய்யப்பட்ட மருத்துவப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் "ஒன்றுமே ஆகாது" என்பதும் தவறு. இங்கேதான் அமெரிக்கக் கண்டம், மற்ற கண்டங்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பெரும்பாலானவை கடிக்கத் தயங்கும். அவற்றின் ஆயுதம் பேட்ஸைப் பாடாய்ப் படுத்திய அந்த மயிர்தான். பின்னங்காலால் வயிற்றைச் சரக்கென்று தேய்த்துக் காற்றில் தூவிவிடும். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். தோலில் பட்டால் அரிப்போடு போகும், கண்ணில் பட்டால் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். 2009ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் வாரக்கணக்காகச் சிவந்து நீர் வடியும் கண்ணோடு மருத்துவரிடம் போனார். சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கருவிழிக்குள் மெல்லிய மயிர்கள்! அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது: தன் சிலி நாட்டுச் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது எதையோ தூவியது. மயிர்கள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் எல்லாவற்றையும் பிடுங்கி எடுக்கவும் முடியவில்லை. தொட்டியைத் துடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் தந்த அறிவுரை. கடிக்குப் பயந்து கையுறை போடுகிறவர்கள் கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா இனங்களுக்கு இந்த மயிர் கிடையாது. அதனால் அவற்றுக்கு ஓட்டமும் கடியும்தான் வழி, இரண்டிலும் கெட்டி. ஆஸ்திரேலியக் கடிகளைத் தொகுத்து 2003ல் வந்த ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. கடிபட்ட மனிதர்களுக்கு வலியோடு போயிற்று. கடிபட்ட ஏழு நாய்களும் செத்துப்போயின. அதில் இரண்டு சம்பவங்களில் நாயைக் கடித்த அதே சிலந்தி எஜமானரையும் கடித்திருக்கிறது, அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரே விஷம், ஆளைப் பொறுத்து வேறு கணக்கு. வீட்டில் நாய் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதருக்கு அதிகம் தொந்தரவு தருவது எது என்று தேடினால், விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பொசிலோதீரியா என்ற பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் வாழும், கால்களில் மஞ்சளும் கறுப்புமாகக் கோலம் போட்டது போல அழகு. ஈழத்தில் இதைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த போகாக் என்பவர் 1899ல் இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். அதில் 'ராஜ' என்ற பொருள்படும் ரீகாலிஸ் இனத்துக்கு அவர் காட்டிய ஊர், நம் அரக்கோணம்! நண்பன் மயங்கிய நீலச் சிலந்தியும் அதே வருடத்துப் பட்டியலில் இருக்கிறது. அதன் ஊர் ஆந்திராவின் ரயில் சந்திப்பான குத்தி. (பெயரைப் பாருங்கள்!)

2014ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தான் வளர்த்த ரீகாலிஸ் சிலந்தியிடமே விரலில் கடிபட்ட ஒருவர். முதலில் லேசான வலி, வியர்வை. சரியாகிவிட்டது என்று இருந்திருக்கிறார். பாதி நாளுக்கும் மேல் கழித்து, உடம்பெங்கும் தசைப்பிடிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. இதைப் போன்ற 26 கடிகளை அவர்கள் சேர்த்துப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தசைப்பிடிப்பு வந்திருந்தது. முறிமருந்து கிடையாது. வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். வலி குறைந்துவிட்டது என்று நம்பித் தூங்கப் போவதுதான் இதில் பெரிய தவறு. கடியைக் கீறுவது, பிளேடு போடுவது அதைவிடப் பெரிய தவறு. 2012ல் அசாமில் சிலந்திக்கடி பீதி கிளம்பி இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி வந்தபோது, கடிவாயை உள்ளூர் வைத்தியர்கள் பிளேடால் கீறியதாகவும் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. கொன்றது சிலந்தியா பிளேடா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

நண்பனிடம் இதெல்லாம் சொன்னேன். "அப்ப கையில எடுக்காம, தொட்டியில வெச்சுப் பாத்தா பிரச்சினை இல்லைல?" என்றான். அவனுக்கு இல்லை. கையில் எடுத்து மூன்றடி உயரத்திலிருந்து நழுவினால் சிலந்தியின் வயிறு வெடித்துவிடும். தோல் உரிக்க மல்லாந்து கிடக்கும் நேரத்தில், தீனிக்குப் போட்ட உயிருள்ள வெட்டுக்கிளியே அதைக் குதறிவிடும். வளர்ப்பவர் வீட்டில் சாவது அநேகமாக அதுதான்.

குத்தி சிலந்தியின் கதை இன்னும் மோசம். போகாக் பார்த்தது ஒரே ஒரு சிலந்தி. குத்தியில் அதற்கேற்ற காடே கிடையாது, ரயிலில் வந்த மரக்கட்டையோடு வந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அதன் பிறகு நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2001ல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில், விறகுக்கு வெட்டிச் சிதைந்துபோன காட்டில் மறுபடி கண்டார்கள். கொஞ்ச வருடத்திலேயே ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தையில் விலைக்கு வந்துவிட்டது. எந்தக் காலத்திலும் நம் அரசு அதை விற்க அனுமதித்ததாக நான் படிக்கவில்லை. 2008ல் அது மிக அருகிவிட்ட இனம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தப் பேரினம் சைட்டிஸ் பட்டியலுக்கு வந்தது 2019ல்தான். இன்று வெளிநாட்டு வீடுகளில் கண்ணாடித் தொட்டிகளில் பிறந்து வளர்வது ஏராளம். அது பிறந்த காட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போகும்போது அரக்கோணத்தில் ரயில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பிளாட்பாரத்தைத் தாண்டி வெளியே ஒரு பழைய புளியமரம், பட்டையெல்லாம் வெடித்து இடுக்கு இடுக்காக இருந்தது. இருட்டும் வரை அந்த இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பல்லிதான் வந்தது.